ரெவிக்குச் செய்த எலும்புத் தூண்டில்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

முகத்துவாரத்துக்கு மேலே இருக்கும் கண்காணிப்புக் குடிலில் வயர்லெஸ் என் பொறுப்பு. மணல்திட்டைக் கடக்கும் முன் மீன்பிடிப் படகுகள் என்னைக் கூப்பிடும். ஜன்னல் வழியே அலையைப் பார்த்து, வரலாமா கூடாதா என்று சொல்வேன். கடந்துவிட்டோம் என்று குரல் வரும்வரை உட்காராமல் குடிலுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். மாட்டெலும்பில் தூண்டில் முள் செதுக்க ஆரம்பித்தேன். எங்கள் மாவோரிகளுக்கு அது கடலில் காவல், கழுத்தில் போட்டுக்கொள்வோம். செய்தவளே வைத்துக்கொள்வதில்லை, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். எலும்பில் அரம் ஓட ஆரம்பித்ததும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

அன்று எங்கள் ஊர் மீன்பிடிப் படகுக்காரன் ரெவிக்காகத்தான் செதுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வெறுங்கழுத்தோடு கடலுக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி, எலும்பைச் சொரண்டுனது போதும். திட்டு எப்படி இருக்கு? உள்ள வரட்டுமா?"

"வாடா வாயாடி. குளம் மாதிரி கெடக்கு."

நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. முனையை இழைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கண்ணை எடுத்தால் முனை உடைந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, என்ன இது, அலை சுவர் மாதிரி எழும்புது... ஆன்ட்டி?"

ஒலியைக் குறைத்தேன். சொல்லவே கூசுகிறது. அவன்மேல் கோபமில்லை, அரம் பிசகிவிடக் கூடாதே என்றுதான். முனை முடிந்த பிறகே தலை நிமிர்ந்தேன். படகு கவிழ்ந்து, அதன் வெள்ளை அடிப்பாகம் தெரிந்தது.

எங்கள் ஊர்ப் பொது இடமான மராய்க் கூடத்தில் அவன் உடலைக் கிடத்தியிருந்தபோது அவன் மனைவி பானியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா உங்ககிட்டதானே பேசினாரு. என்ன சொன்னாரு ஆன்ட்டி?"

"உன் பேரைத்தான் சொன்னான், கண்ணு."

தூண்டிலை அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து என்னோடு மூச்சைப் பகிர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து யார் முகத்துக்கு நேரேயும் என்னால் நிற்க முடியவில்லை.

அவனைக் கொன்றது அலை இல்லை, நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாட்சியத்துக்காக அந்தத் தூண்டிலை வாங்கி வருவதாக இருந்தால் மட்டும், உங்கள் ஆட்களைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அவ்வளவு அழகான முனை எனக்கு அதற்கு முன் வாய்த்ததே இல்லை.