வணக்கம் சொன்னதும் எழுந்துவிட்டோம்

இந்த மருத்துவமனை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை, நாற்காலியில் உட்கார்ந்தாள் என்ற குற்றத்துக்காக வேலையை விட்டு நீக்கியது.

இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்வது என்று முடிவு செய்து வந்தேன். அதைச் சொல்லிவிட்டேன், இனி வணக்கம் சொல்கிறேன். அனுமதி மறுக்கப்பட்ட பின்னும் இந்த வாசலில் மேடை போட்டுத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே! முழங்கால் வலியோடு முன்னால் நிற்கும் பெரியோர்களே! சீருடை மாற்றவும் நேரமில்லாமல், துடைத்த ஈரம் உலராத கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! எட்டு வாரம் திட்டும் இடியும் வாங்கிப் பயின்று, இன்று சான்றிதழ் பெறப்போகும் இளந்தலைவர்களே! பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் தவறாமல் வந்து, சான்றிதழ் வழங்க மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் இங்கே லிஃப்ட் இயக்குபவன். நாளுக்கு நூறு தடவை மேலே போகிறவன். சம்பளத்தில் ஒரு தடவைகூட ஏறாதவன். நீக்கப்பட்டவள் என்னோடு பிறந்த அக்கா.

கீழ்த்தளக் கூடத்தில் அறுபது நாற்காலிகள். சுவரில் ஒரு பலகை: ‘துப்புரவுப் பணியாளர்கள் அமரக் கூடாது.’ அந்த நாற்காலிகளைத் தினமும் நான்கு முறை துடைத்தவள் அவள். துடைக்கலாம், தூக்கலாம், தள்ளலாம். தலை சுற்றினால் மட்டும் தரையில்தான் விழ வேண்டுமா? அவள் உட்கார்ந்தாள். பத்தே நிமிடம். மறுநாள் உத்தரவு கையில் வந்தது.

எனக்கு அன்று கல்லெடுக்கத்தான் தோன்றியது. மறைக்க மாட்டேன். என்னைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியவள், அதோ நிற்கிறாளே, நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள். சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினாள். கடல் கடந்த நாடொன்றில், நிறத்தைக் காட்டி உணவு மறுத்த கடைகளுக்குள் மாணவர்கள் போய் அமர்ந்த வரலாற்றைச் சொன்னாள். தலையில் சர்க்கரையைக் கொட்டினார்களாம், இழுத்துப்போட்டு உதைத்தார்களாம், ஒருவரும் திருப்பி அடிக்கவில்லையாம்.

“அவங்க சாமியாருங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. ஒத்திகை பார்த்தவங்க. ஒருத்தரை ஒருத்தர் திட்டி, தள்ளி, பழகிட்டுதான் போய் உட்கார்ந்தாங்க” என்றாள்.

பழகினோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் காவலாளியாக நடித்தார். சலவைப் பிரிவு அண்ணனின் காலரைப் பிடித்து இழுத்தார். அண்ணன் அலறினார்: “யோவ், சட்டையை விட்டுட்டு ஆளை அடிய்யா! இருக்கிறது இது ஒண்ணுதான்!”

சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே தலையை மறைத்து விழக் கற்றோம். கை கோக்கக் கற்றோம். வசையை வாங்கி வாய் மூடி இருக்கக் கற்றோம்.

அந்த நாள் வந்தது. பதினைந்து பேர் போய் அறுபதில் பதினைந்து நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அக்காவும் வந்தாள், நாற்பது நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. காவலாளிகள் கத்தினார்கள், அசையவில்லை. எங்கள் பிறப்பைச் சொல்லித் திட்டினார்கள், அசையவில்லை. காலடியில் வாளி வாளியாய் அழுக்குத் தண்ணீரைக் கொட்டினார்கள், அசையவில்லை!

பிறகு கண்காணிப்பாளர் வந்தார். புன்னகைத்தார். கைகூப்பி, “எல்லாருக்கும் வணக்கம். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றார்.

பதினைந்து பேரும் எழுந்துவிட்டோம்.

ஆமாம், எழுந்துவிட்டோம்! முதலில் எழுந்தவன் நான். கைகட்டி வேறு நின்றேன். இரண்டே நிமிடத்தில் காவலாளிகள் அத்தனை நாற்காலிகளையும் அடுக்கிக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார்கள். போராட்டம் முடிந்தது.

சைக்கிள் கடை மாடிக்குத் திரும்பினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்காதான் பேசினாள்: “அடிச்சா தாங்கக் கத்துக்கிட்டோம். மரியாதையாப் பேசினா தாங்கக் கத்துக்கலையேடா.”

தோழர்களே, அவர்களுடைய தடியைவிட எங்கள் முழங்கால்தான் எங்களுக்குப் பெரிய எதிரி! பெரியவர் வந்தால் எழு, பேசினால் குனி, கேட்டால் தலையாட்டு என்று எந்த வயதில் அதற்குள் எழுதினார்கள்? யார் எழுதினார்கள்?

மறுபடி வகுப்பு. இந்த முறை ஓட்டுநருக்கு ஒரே வேலை: உள்ளே வந்து அன்பாகப் பேச வேண்டும். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சலவை அண்ணன் தன் துண்டால் காலை நாற்காலியோடு கட்டிக்கொண்டார். “நான் எழலப்பா, காலு எழுந்திருக்குது!” நான்கு ஞாயிறுகள் ஆயின, உட்கார்ந்தபடியே ஒரு வணக்கம் சொல்ல.

நோயாளிகளுக்காக நாற்காலிகள் கூடத்துக்குத் திரும்பியிருந்தன. மீண்டும் போனோம். மீண்டும் அவர் வந்தார். அதே புன்னகை, அதே கைகூப்பு. அக்கா குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு சொன்னாள்: “வணக்கம் சார். நீங்களும் உட்காருங்க, பேசலாம்.” அவர் நின்றார். நாங்கள் அமர்ந்திருந்தோம். பதினோரு நாள், முறை மாற்றி முறை மாற்றி அமர்ந்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் பலகை கழன்றது!

கைதட்டாதீர்கள். பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார்: “அதான் பலகை போயிடுச்சே, அப்புறம் என்னப்பா?” அப்புறம் என்னவா, ஐயா? இன்று எல்லாரும் அங்கே உட்காரலாம். முதலில் உட்கார்ந்தவள் மட்டும் வேலைக்கு உள்ளே போக முடியாது. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது, வேலை திரும்பவில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்கிறார்கள். நீக்குவதற்கு ஒரு நாள் போதும். சேர்ப்பதற்கு எத்தனை மாதம் பரிசீலிப்பீர்கள்?

இளந்தலைவர்களே, சான்றிதழை வாங்குங்கள். ஆனால் அதைத் தருகிற கை அன்பாக நீள்வதால் உங்கள் கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். வெயிலில் நின்று கேட்ட தாய்மார்களுக்கும், வாய்ப்பளித்த தலைவருக்கும், கற்றுத்தந்த தோழிக்கும் நன்றி, வணக்கம்.

கண்காணிப்பாளர் அவர்களே, நான் இன்னும் இறங்கவில்லை. நீக்கிய உத்தரவில் இருப்பது உங்கள் கையெழுத்து. குழு வேண்டாம், மேலிடம் வேண்டாம், இன்னொரு கையெழுத்துப் போதும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் அக்கா வேலைக்கு வரலாமா? மைக் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று.

சொல்லுங்க சார்.

சொல்லுங்க.