கெணறு தெறந்த அன்னிக்கு

அடிச்சேன் மேடம். இல்லேன்னு யாரு சொன்னா? அதான் எல்லார் போன்லயும் ஓடிக்கிட்டிருக்கே. எங்க வீட்டுக்குக் கீழ தையல் கடை வச்சிருக்கவரு, நேத்து என்னைப் பாத்ததும் கன்னத்தப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாரு. ஏன் அடிச்சேன்னுதான கேக்குறீங்க, ஒரு வரியில சொல்லிடலாம். ஆனா சொன்னவுடனே அச்சச்சோன்னுட்டு நீங்க பைய மூடிக்கிட்டு எந்திரிச்சிடுவீங்க. எனக்கு அது வேண்டாம். தலைமை ஆபீஸ்லேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, கூட்டம்னா என்னன்னு கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

சுத்தி வளைக்கிறேனா? மேடம், என் வேலையே அதான? இந்தத் தீம் பார்க்குல நேராப் போனா நாலு எட்டுல ரைடுல ஏறிடலாம், அந்த எடத்த, கம்பி கட்டி, வளைச்சு வளைச்சு, அரை நாள் நடக்க வைக்கிறோமே. அந்த வளைவுல நின்னு, நகருங்க, முன்னாடி போங்க, கம்பி மேல உக்காராதீங்கன்னு கத்துறவதான் நான். லைன் பொண்ணு. இந்த வயசுல என்னடி பொண்ணுன்னு எனக்கே சிரிப்பு வரும். ஆனா சட்டையில அப்படித்தான் போட்டிருக்கு.

மனுஷன் எப்படின்னு தெரியணும்னா அந்த வளைவுல ஒரு நாள் நிக்கணும் மேடம். நல்லா துணி உடுத்தி, செண்டு அடிச்சுக்கிட்டு வருவாங்க. கொஞ்ச நேரம் நிக்க வச்சுப் பாருங்க. வாயில மென்னுக்கிட்டிருந்த பபிள்கம்ம கம்பிக்கு அடியில ஒட்டுவாங்க. ஒண்ணு காஞ்சதும் அது மேல இன்னொண்ணு. கம்பியத் தொட்டா விரல் ஒட்டிக்கிட்டு வரும். புள்ளைக்கு மாத்துன டயப்பர அந்த பொய்ப் பாறை இருக்குல்ல, அந்தப் பொந்துல சொருகிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வானத்தப் பாப்பாங்க. எடம் போயிடும்னு நின்ன எடத்துலயே பாட்டில்ல... வேண்டாம், நீங்க காபி குடிக்கிறீங்க. அந்தப் பாட்டில மூடிகூட போடாம ஓரமா வச்சிட்டுப் போவாங்க மேடம். எடுக்குறது யாரு? நாங்கதான். எடுத்துட்டு வந்து சிரிக்கணும். சிரிக்கலேன்னா மேனேஜரு தூரத்துலேருந்து ரெண்டு விரலால தன் வாய இழுத்துக் காட்டுவாரு.

சரி, அவங்கள மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நாம மட்டும் என்ன யோக்கியம்? அந்தப் புது ரைடு, கெணறுன்னு பேரு வச்சோமே, இருட்டுக்குள்ள தொபுக்கடீர்னு விழுறது, அதுக்கு எத்தன மாசமா வேலி போட்டு மறைச்சு வச்சோம்? உள்ள ஒண்ணுமே கெடையாது மேடம், அப்போ குழிகூட முழுசாத் தோண்டல. ஆனா வேலிக்குப் பின்னாடியிலேருந்து பொக விடுவோம். அப்பறம் அலறல் சத்தம். அது எப்படி வந்ததுன்னு தெரியுமா? எங்க எல்லாரையும் ஸ்டோர் ரூம்ல அடைச்சு ஒருத்தன் மைக்க நீட்டி, கத்துங்கன்னான். மத்ததுங்க வெக்கப்பட்டு கெக்கெக்கென்னுச்சுங்க. நான் கத்தினேன். நல்லா கத்தினேன். வீட்ல கத்த முடியுமா, ரோட்ல கத்த முடியுமா, சும்மா கெடைச்ச வாய்ப்பு. அதையே எடுத்துக்கிட்டாங்க. அதுலேருந்து தெனமும் என் அலறலக் கேட்டுக்கிட்டே நான் டிக்கெட் கிழிச்சேன். ஜனங்க வேலிக்குப் பக்கத்துல நின்னு, அய்யோ உள்ள யாரோ பயங்கரமா கத்துறாங்கடின்னு சொல்லி வாயப் பொளக்கும்.

ஆமா, உங்க ஆபீஸ்லேருந்து வந்த ஐடியாதான். உங்களச் சொல்லல.

தெறந்த அன்னிக்கு உள்ள வளைவெல்லாம் காலியா கெடக்கு. ஆனா வாசல்ல ஒவ்வொருத்தரா மெதுவா விடுங்கன்னு உத்தரவு. எதுக்கு? லைன் ரோடு வரைக்கும் போய் நிக்கணும், ட்ரோன் விட்டு மேலேருந்து படம் எடுக்க ஒருத்தன் வந்திருக்கான், அவன் படத்துல கூட்டம் தெரியணும். உள்ள எடம் இருக்கும்போதே வெயில்ல நிக்க வச்சோம் மேடம். ஒரு கர்ப்பிணிப் பொண்ணு கம்பியப் புடிச்சுக்கிட்டே உக்காந்துடுச்சு. அதுக்குத் தண்ணி குடுத்தேன். தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு அது கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? என் எடம் போயிடலையேன்னு.

இந்தக் கூட்டத்துக்கு நடுவுலதான் அந்தத் தனி லைன், எல்லா ரைடுக்கும் முன்னாடியிலேருந்தே இருக்குறது. முடியாதவங்களுக்கு, வீல்சேர்ல வர்றவங்களுக்கு, அவங்க கூட வர்ற குடும்பத்துக்கு. நல்ல விஷயம்தான், யாரு இல்லேன்னா? ஆனா மனுஷன் கையில நல்ல விஷயம் எவ்வளவு நாள் நல்ல விஷயமா இருக்கும்? நல்லா நடக்குற அம்மாவ வீல்சேர்ல உக்கார வச்சு, கால அசைக்காதம்மான்னு அதட்டிக் கூட்டிட்டு வருவாங்க. அந்தம்மா ரைடு முடிஞ்சதும் எந்திரிச்சு வேகவேகமா பாத்ரூமுக்கு நடக்கும். காலுக்கு மாவுக்கட்டு போட்டுட்டு ஒருத்தன் வந்தான், வெளிய போகும்போது கட்டு இன்னொரு காலுக்கு மாறியிருக்கு. இதெல்லாம் நான் பாத்ததில்ல. தனி லைன்ல நிக்கிற கண்ணாடிக்காரி சொல்வா. நான் உள்ள வளைவுல, அவ வெளி வாசல்ல. சாப்பிடும்போதுதான் பாத்துக்குவோம்.

அவதான் ஒரு நாள் சொன்னா, ஏ, வாடகைத் தாத்தா ஒருத்தர் வர்றாருடின்னு. புரியலேன்னேன். ஒரே தாத்தாடி, ஒரே வீல்சேரு, காலைல ஒரு குடும்பத்தோட வர்றாரு, மத்தியானம் இன்னொரு குடும்பம், சாயங்காலம் வேற. ஒரு தடவ தொப்பி, ஒரு தடவ கருப்புக் கண்ணாடி, மாத்தி மாத்திப் போட்டு விடுறானுங்க. ரைடு கிட்ட போனதும் பெஞ்சு ஓரமா அவர நிறுத்திட்டு இதுங்க மட்டும் ஏறிப் போயிடும். எறங்கி வந்து, அந்தப் பக்கம் வெளிய போற வாசல்ல ஒருத்தன் நிப்பானாம், அவன்கிட்ட திருப்பிக் குடுத்துடும். சைக்கிள் வாடகைக்கு எடுத்து விடுற மாதிரி.

நான் என்ன பண்ணேன்னா? சிரிச்சேன் மேடம். எல்லாரும் சிரிச்சோம். அந்தத் தாத்தாவால பேச முடியாதாம், ஆனா கண்ணாடிக்காரி முன்னாடி வந்ததுமே கைய நீட்டிடுவாராம், தனி லைன்காரங்களுக்கு அடையாளமா மணிக்கட்டுல ஒரு கலர் பட்டை கட்டுவோம், அதுக்கு. அப்படியே நடிச்சுக் காட்டுவா. சோத்துக் கையோட நாங்க உருண்டு பொரண்டு சிரிப்போம். ஏன் மேல சொல்லலன்னு கேக்குறீங்களா? சொன்னாளே. மேனேஜருகிட்டயே சொன்னா. அவரு என்ன சொன்னாரு? உறவு என்னன்னு கேளு, அப்பான்னோ மாமான்னோ சொல்லிட்டா கட்டி உள்ள விடு, நமக்கு எதுக்கு வம்பு, கூட்டம் வேணும்ல. இதுதான் நம்ம சட்டம். கேக்கணும், அவங்க என்ன சொன்னாலும் நம்பணும்.

இருங்க, வர்றேன். கெணறு தெறந்த அன்னிக்கு மத்தியானம் கண்ணாடிக்காரிக்கு வெயில் தாங்காம மயக்கம். அவள உள்ள படுக்க வச்சிட்டு என்னத் தூக்கித் தனி லைன்ல போட்டாங்க. மொத தடவ அங்க நிக்கிறேன். ஒரு சாயம் போன குடைக்கு அடியில ஸ்டூலு, பக்கத்துல பட்டை வச்ச டப்பா. அவ்வளவுதான்.

அப்போதான் அந்த ஆளு வந்தான். நீங்க வீடியோவுல பாத்த ஆளு. பூப்போட்ட சட்டை, பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, ஒரு மச்சான். வீல்சேர தள்ளிக்கிட்டு வர்ற வேகத்தப் பாக்கணுமே, கடையில சாமான் வண்டி தள்ளுற மாதிரி. பள்ளத்துல எறங்கி ஏறும்போது உள்ள இருக்கவரு தல தொங்கித் தொங்கி நிமிருது. ஒருத்தரும் குனிஞ்சு பாக்கல. வாயோரம் எச்சில் ஒழுகி தாடையில காஞ்சிருக்கு. ஈ உக்காந்திருக்கு மேடம். அந்தப் பொம்பள தன் புள்ளைக்கு டிஷ்யூவால மூக்கத் தொடைச்சிட்டு அத என்ன பண்ணா தெரியுமா? அவரு மடியில போட்டா. அங்க ஏற்கனவே ஐஸ் குச்சியும் சிப்ஸ் கவரும் கெடக்கு.

அந்த ஆளையா? முன்ன பின்ன பாத்ததே இல்ல. அவன் எந்த ஊருன்னுகூட தெரியாது. பெரியவர? ம்... அதுக்குத்தான் வர்றேன்.

நான் கேட்டேன். கேக்கணும்னு சட்டம் இருக்குல்ல, கேட்டேன். இவரு உங்களுக்கு என்ன வேணும் சார்னு கேட்டேன். அவன் என் மூஞ்சியக்கூட பாக்கல. லைன் எவ்வளவு வேகமா போகுதுன்னு எட்டிப் பாத்துக்கிட்டே, எங்க அப்பாங்கன்னான். நான் மறுபடியும் கேட்டேன், உங்க அப்பாவா? ஆமாம்மா, எங்க அப்பாதான், பெத்த அப்பா, இதுக்கெல்லாம் சர்டிபிகேட்டா கொண்டுட்டு வர முடியும்னு சொல்லி, பொண்டாட்டியப் பாத்து சிரிச்சுக்கிட்டே அவரு தலையில தட்டினான். சின்னதா, செல்லமா தட்டுற மாதிரி. என்னப்பா, சொல்லுங்க இந்த மேடத்துகிட்டன்னான்.

அடிச்சேன்.

அவ்வளவுதான் சொன்னான். கெட்ட வார்த்தை ஒண்ணும் சொல்லல. என்னைத் தொடல. அவனப் பொறுத்தவரைக்கும் அவன் மேல தப்பே இல்ல. எல்லாரும் சொல்ற பொய்யத்தான் அவனும் சொன்னான். தப்பான ஆளுகிட்ட சொல்லிட்டான்.

அப்பறம் கூச்சல். ஆளாளுக்குப் போன தூக்கிட்டாங்க. கர்ப்பிணிப் பொண்ணு உக்காந்தப்போ ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, இதுக்கு அத்தன பேரும் திரும்புனாங்க. லைன்ல நின்ன எடத்தையே விட்டுட்டு வந்து படம் புடிச்சாங்கன்னா பாத்துக்கோங்க. நான் யாரையும் பாக்கல. வீல்சேர திருப்பிக்கிட்டு நேரா அந்தப் பக்கம் வெளிய போற வாசலுக்குத் தள்ளிட்டுப் போனேன். வேலைய விட்டுட்டு எங்க போனேன்னு கேட்டீங்கல்ல, அங்கதான் போனேன். திருப்பி வாங்கிக்க ஒருத்தன் நிப்பான்னு கண்ணாடிக்காரி சொல்லியிருக்கால்ல, அவன் யாருன்னு என் கண்ணால பாக்கணும்.

நின்னான். நெழல்ல, செவுத்துல சாஞ்சுக்கிட்டு, சோடா குடிச்சுக்கிட்டு நின்னான். பக்கத்துல அடுத்த குடும்பம் தயாரா நிக்குது, அந்த வீட்டுப் பாப்பா கையில கருப்புக் கண்ணாடிய வச்சு வெளயாடிக்கிட்டிருக்கு. என்னைப் பாத்ததும் சோடாவ முழுங்க முடியல அவனால. டேய்னு கத்தினேன். ஓடுவான்னு நெனச்சேன், ஓடலையே. மூஞ்சியத் தொடைச்சிக்கிட்டு கேக்குறான், ஏன்க்கா கத்துற, வீட்ல அடைஞ்சு கெடக்குறதுக்கு அப்பாவுக்கும் பொழுது போகுதுல்லன்னு.

ஆமா மேடம். அக்கான்னுதான் கூப்பிட்டான். என் கூடப் பொறந்த தம்பி.

அந்த ஆளு என் மூஞ்சிக்கு நேரா, எங்க அப்பா, பெத்த அப்பான்னு தலையில தட்டினானே, அது எங்க அப்பா.

நான் காலைல கெளம்பி வந்துடுவேன். தம்பிக்கு வேலை இல்ல, அவன்தான் பாத்துக்குறான்னு நிம்மதியா இருந்தேன். சாயங்காலம் போனா மூஞ்சியெல்லாம் செவந்து போய், அசந்து தூங்கிக்கிட்டிருப்பாரு. காத்தாட கூட்டிட்டுப் போனேன்க்கான்னு சொல்வான். நல்ல கலரு வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன் மேடம். மணிக்கட்டுல செவப்பா ஒரு தடம் இருக்கும், கொசு கடிச்சு சொறிஞ்சுக்கிட்டாருன்னு எண்ணெய் தடவி விட்டேன்.

இல்ல, அழல. வெயில்ல நின்னு நின்னு கண்ணு இப்படித்தான் இருக்கு.

மன்னிப்பு கேக்கணுமா? அந்த ஆளுகிட்டயா? வேலைய எடுத்துக்கோங்க மேடம், அது என்னால முடியாது. எப்படியும் தெனம் வர முடியாது இனிமே. தம்பிய வீட்டுக்குள்ள விடல, அதனால இவர விட்டுட்டு வர ஆளில்ல. இன்னிக்கே பாருங்க, கூடவே கூட்டிட்டு வந்து வெளிய வராண்டாவுல உக்கார வச்சிருக்கேன். நீங்க உள்ள வரும்போது கதவுகிட்ட ஒரு பெரியவரு உங்களப் பாத்துக் கைய நீட்டியிருப்பாரே, வீல்சேர்ல?

அடடா. காசு குடுத்தீங்களா?

பரவால்ல மேடம், எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்குறாங்க. காலைலேருந்து மூணு நாலு பேரு போட்டுட்டுப் போயிட்டாங்க. அவரு பிச்சை கேக்கல. பட்டை கட்டச் சொல்றாரு.