கழற்றினால் கேட்கும் குரல்

மலாக்காவிலிருந்து சிம்பாங் அம்பாட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான கணவனும் மனைவியும். பெரியவருக்குக் காதுக்குள் கருவி வைத்து ஆப்பரேசன் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. அவர் தலையில் ஒட்டியிருந்த வட்ட மெசினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இதக் கழட்டுனாதான் உன் கொரலு கேக்குது.”

மனைவி அதை வாங்கி மறுபடி ஒட்டிவிட்டார்.

“காது போயி பத்து வருசம். கழட்டுனா என்னா கேக்கும்?”

“ரப்பர் காட்டுல அடுத்த நெரையிலேர்ந்து பேசுவியே, அது. மரம் ஆள மறைச்சிரும், கொரலு மட்டும் வரும். இதுல நீ தகர டின்னு மாதிரி பேசுற லா.”

“நாள் பூரா மாட்டுனாதான் பழகும்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“பழகிட்டா அந்தக் கொரலு மறந்துருமே, புள்ள.”

“அந்தக் கொரலுக்காரி, அவ என்னா சொல்றா?”

“பாலெடுக்க நேரமாச்சு, வாங்கன்னு.”

“தோட்டத்த அழிச்சி வீடு கட்டிட்டாங்க. அவ இன்னும் பாலெடுக்கவே கூப்புடுறா. இந்தப் பத்து வருசத்துல நான் சொன்னது ஒண்ணுகூட அவளுக்குத் தெரியாதுங்க.”

அவர் கை மெசினுக்குப் போனது. கழற்றவில்லை, இன்னும் அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

“சரி, மொதல்லேர்ந்து சொல்லு.”