எதிர்காலம் மட்டும் போதும்

இங்கிலீஷ் முழுசா வேண்டாம்னுதானே சொல்றேன் டீச்சர். இறந்தகாலம், நிகழ்காலம் ரெண்டையும் நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு எதிர்காலம் மட்டும் போதும். அதுக்கு மட்டும் ஒரு விலை சொல்லுங்க. சிரிக்காதீங்க, வண்டி நிறைய பழைய மெஷின் வந்தாலும் வேண்டிய மோட்டாரை மட்டும் கழட்டி வாங்கிட்டுப் போறவன் நான்.

சாயங்காலத்துக்குள்ள வேணும். ஆமா, இன்னிக்குத்தான்.

எனக்கு அட்டைப்பெட்டிப் பட்டறை. வெட்டு மெஷின்ல ஒருத்தன் இருந்தான், வேற நாட்டு ஆளு. அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. நடுவுல ஆளுக்குக் கொஞ்சம் உடைஞ்ச இங்கிலீஷ். டுமாரோங்கற ஒரே வார்த்தையில பட்டறையே ஓடிச்சுன்னா பாருங்களேன். சரக்கு எப்போ? டுமாரோ. பிள்ளையைப் பாக்க ஊருக்குப் போகணும் பாஸ். டுமாரோ. பிளேடு மழுங்கிப்போய் அட்டை கையையும் சேத்து இழுக்குதுன்னு செஞ்சு காட்டினான். அதுக்கும் டுமாரோதான். கத்தினேன் வேற.

போன வாரம் அவனுக்கு வலது கையில மூணு விரல் போச்சு.

தண்ணியெல்லாம் வேண்டாம், நீங்க போர்டுல எழுதுங்க. வில். சரி. ஐ வில் கம். ஹீ வில் கம். அட, ஆளு மாறினாலும் இது மாறாதா? பேரமே பேசாத வார்த்தை போலிருக்கே! அது என்ன கீழே, கோயிங் டு? முன்னாடியே முடிவு பண்ணி வெச்சதுக்கா? ம்ம். அதையும் எழுதி வைங்க.

ஆஸ்பத்திரிக்கு தினம் போறேன் டீச்சர். பழம் வாங்கிட்டுப் போய் கட்டிலுக்குப் பக்கத்துல திருட்டு முழி முழிச்சுக்கிட்டு நிப்பேன். கடைத்தெருவையே கலக்கற வாய், அங்க போனா ஒட்டிக்கும். நேத்து அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, வொர்க் பாஸ், வொர்க்னான். பழக்கதோஷம். டுமாரோ டுமாரோன்னு முதுகைத் தட்டிட்டு வந்துட்டேன்.

காலையில நர்சம்மா போன் பண்ணுது. உங்க ஆளு விடிஞ்சதும் விடியாததுமா குளிச்சு, இடது கையாலயே ஷூ மாட்டிக்கிட்டு, கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கான், உங்க வண்டி வரும்னு வாசலையே பாக்கறான், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திரிக்க மாட்டேங்கறான், என்ன சார் சொன்னீங்கன்னு.

அய்யோ, ஆறுதலெல்லாம் எழுதாதீங்க. யூ வில் வொர்க்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதை இல்லைன்னு ஆக்கிக் குடுங்க. அதுக்குத்தான் மாடி ஏறி வந்தேன். நடுவுல நாட் போட்டா ஆச்சா? அவ்வளவுதானா? அதுக்கா இத்தனை நாள் வாயடைச்சு நின்னேன்...

இல்ல டீச்சர், அவனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கறதுக்கு இடமில்ல. அந்த மெஷின்ல மறுநாளே வேற ஆளை உக்கார வெச்சுட்டேன். புது பிளேடும் போட்டாச்சு.