வேலவன் றோலரில் இருந்தவர்கள்

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

அப்பாவின் குரல். நான் படுக்கிறேன். பலகையில் கன்னம். டீசல் மணம். படகின் மிசின் சத்தம் இல்லை. சற்றுமுன் நின்றுவிட்டது.

பிறகு அந்தச் சத்தம். வெடிச் சத்தம் அல்ல. புதுச் சீலையை யாரோ இரண்டு கையாலும் கிழிக்கிற சத்தம். தலைக்கு மேலால் போகிறது. இடப்பக்கம் தண்ணீர் எழும்புகிறது. பனை உயரம். அதற்குப் பிறகுதான் தூரத்தில் 'டும்' என்று கேட்கிறது.

தலையைத் தூக்குகிறேன். விடிந்துவிட்டது. கிழக்கே சாம்பல் நிறம். அதற்குள் ஒரு பீரங்கிப் படகு. அது யாருடையது என்று பிறகு பலர் எனக்கு விளக்கம் சொன்னார்கள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். கொடியை நான் காணவில்லை.

"யோகன்! பிள்ளையைப் பிடி!"

யோகன் என் அண்ணா. பிள்ளை நான். அண்ணா என் பக்கம் தவழ்ந்து வருகிறார். வந்து சேரவில்லை. இரண்டாவது குண்டு முன்பக்கத்தில் விழுந்தது. பலகை, இரும்பு, நெருப்பு. எனக்குக் காது அடைத்துவிட்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. பக்கத்து வீட்டுப் பரமேஸ் மாமி வாயைத் திறந்து கத்துகிறார். சத்தம் இல்லை. அவருடைய மகள் இந்திரா, என்னோடு படித்தவள், எழும்பி நிற்கிறாள். பிறகு அவள் நின்ற இடம் இல்லை.

நான் கடலில் கிடந்தேன். உப்பும் டீசலும் வாய்க்குள். காலில் வலை. நைலோன் வலை. உதற உதற இறுகியது. குனிந்து இரண்டு கையாலும் பிய்த்து இழுத்தேன். எப்படி விடுபட்டேன் என்று தெரியாது. ஒரு பலகை கைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் மீன்பிடிப் படகு வேலவனின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அதுவும் போயிற்று.

புரட்டாதி மாதம். புதன்கிழமை. வெயில் ஏறிய பிறகு மீன்பிடிக்க வந்த இருவர் என்னைச் சிறு படகில் தூக்கிப் போட்டார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

இனி நான் சொல்லப்போவதுதான் இத்தனை காலம் என்னைத் தூங்கவிடாதது.

முதல் குண்டு விழ முன்னரே ஒருவன் கடலில் இறங்கினான். நான் கண்டேன். மிசின் நின்றது. மிசின் பார்க்கிற சந்திரன் கீழேயிருந்து ஏறி வந்தான். சட்டையைக் கழற்றினான். பின்பக்கத்தால் தண்ணீருக்குள் இறங்கினான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகுதான் அப்பா "படுங்கோ" என்று கத்தினார்.

சந்திரன் எங்கள் கரைக்காரன் அல்ல. அப்பாவிடம் வேலைக்கு வந்து ஒரு மழைக்காலமும் ஆகவில்லை. அவனுடைய ஊரில் யாரும் எங்களுக்குத் தெரிந்தவர் இல்லை. குண்டு வரப்போவது அவனுக்கு எப்படித் தெரியும்? மிசினை ஏன் நிறுத்தினான்? இந்த இரண்டு கேள்வியோடும் நான் கொழும்புக்கு வந்தேன். கனடாவுக்கு வந்தேன். கலியாணம் செய்தேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். ரெக்ஸ்டேலில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தேன். இப்போது மில்லிக்கனில் மகளோடு இருக்கிறேன்.

சந்திரனும் அன்றே செத்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில் யாரோ சொன்னார்கள், இங்கே ஒஷாவா நகரில் அவனைக் கண்டதாக. தப்பியிருக்கிறான். சந்தேகம் அன்று உறுதியாயிற்று. போய்ப் பார்க்கவில்லை. பார்த்து என்ன கேட்பது?

போன மாசி மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. குகன் என்று பெயர் சொன்னார். ஐம்பது வயதுக் குரல்.

"அக்கா, போரில மூழ்கித் தாண்டுபோன மீன்பிடி றோலருகளைப் பற்றி எழுதுறன். உங்கட அப்பாவின்ர வேலவனைப் பற்றிக் கதைக்கலாமோ?"

"என்ர நம்பர் உங்களுக்கு ஆர் தந்தது?"

சொன்னார். என் ஊர்க்காரி ஒருத்தியின் பெயர். நான் போனை வைத்துவிட்டு அவளைக் கேட்டேன். ஓம் என்றாள். நல்ல மனிசன் என்றாள். எனக்கு அது போதவில்லை. படகில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கிறவர்களை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். முகாமில் கேட்டார்கள். சோதனைச் சாவடியில் கேட்டார்கள். கனடாவில் அகதி விசாரணையிலும் கேட்டார்கள். பெயரைக் கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்பது பிறகுதான் தெரியவரும்.

குகன் மூன்றாம் முறை அழைத்தபோது வேலை என்ன என்று கேட்டேன். இன்சூரன்ஸ் என்றார். எனக்கு இன்னும் பயம் வந்தது.

"இன்சூரன்ஸ்காரருக்கு எங்கட படகோட என்ன கதை?"

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. தான் சின்ன வயதிலிருந்தே கப்பல்களைப் பற்றி வாசிக்கிறவர் என்றார். நீராவியில் ஓடிய பழைய மீன்பிடி றோலர்களைப் பற்றிச் சொன்னார். இரண்டு உலகப் போரிலும் வெள்ளைக்காரர் அவற்றைக் கடற்கண்ணிவெடிகளை அகற்றப் பிடித்துக்கொண்டு போனார்களாம். மீன்பிடித்தவர்களே அதில் போனார்களாம். நிறைய மூழ்கிப்போயின.

"ஒவ்வொண்டுக்கும் பேர், துறைமுகம், எந்தக் கடலில தாண்டது, ஆர் ஆர் செத்தது எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள் அக்கா. நிலக்கரி அள்ளிப் போட்டவன்ர பேரும் இருக்கு. எங்கட றோலருகளுக்கு ஒண்டும் இல்லை. இருந்தவையும் ஒவ்வொருவராப் போகினம்."

அந்த வார்த்தைக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரவேண்டாம் என்றேன். ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு பிளாசாவில் தேநீர்க் கடை இருக்கிறது. அங்கே வரச் சொன்னேன். பகல். ஆட்கள் நிறைந்த நேரம்.

மகள் காரில் கொண்டுபோய் விட்டாள். வாசலைப் பார்த்தபடி இருந்தேன். வெளியே வழித்துக் குவித்த பனி, கறுத்துப்போய். குகன் போனை மேசையில் வைத்தார். பதியலாமா என்று கேட்டார். நான் சொல்லும் இடத்தில் நிற்பாட்ட வேண்டும் என்றேன். சரி என்றார்.

சொன்னேன். எங்கள் கரையில் இரண்டு நாளாய் ஷெல் விழுந்தது. ஊர் தரையால் வெளியேறியது. அப்பா படகை விட்டு வர மறுத்தார். வேலவன் அவருடைய சொந்த றோலர். நீலமும் வெள்ளையும் பூசியது. அக்கரைக்குப் போவோம் என்றார். போகிற வழியில் அடுத்த துறையிலும் ஆட்களை ஏற்றலாம் என்றார். வலை முழுவதையும் கரையில் இறக்கிப் போட்டார். ஆட்கள் இருக்க இடம் வேண்டும். அப்பா, அண்ணா, நான், பரமேஸ் மாமி, இந்திரா, அப்பாவோடு தொழில் செய்த கதிரவேலு அண்ணை. மிசினுக்குச் சந்திரன்.

சந்திரன் கடலில் இறங்கியதையும் சொன்னேன். குகன் தலை குனிந்தார்.

"அக்கா, நீங்கள் கோவிக்கக்கூடாது. அவரை நான் சந்திச்சிட்டன். உங்களைக் காண வேணும் எண்டு நிக்கிறார். வெளியில கார்ல இருக்கிறார். நீங்கள் வேண்டாம் எண்டால் இப்பவே கொண்டுபோய் விடுறன்."

நான் எழும்பிவிட்டேன். கைப்பையை எடுத்தேன். எல்லாம் ஏற்பாடு. முதலிலிருந்தே ஏற்பாடு. அவனுடைய பெயரைச் சுத்தமாக்க என்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள். மகளுக்குப் போன் எடுக்கப் போனேன். பிறகு நினைத்தேன். இனி எப்போது கேட்பது?

"வரச் சொல்லுங்கோ" என்றேன்.

சந்திரன் வந்தான். எழுபதைத் தொட்டிருப்பான். ஒரு பக்கம் இழுத்து நடந்தான். தொப்பியைக் கழற்றினான். நான் உட்காரச் சொல்லவில்லை. தானாகவும் இருக்கவில்லை.

"சம்மாட்டியாற்ற பிள்ளை" என்றான். அப்பாவை அவன் அப்படித்தான் சொல்லுவான். சம்மாட்டி என்றால் படகின் சொந்தக்காரர்.

"மிசினை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"நான் நிப்பாட்டேல்லை பிள்ளை. அது நிண்டது. ஆரோ விட்டிட்டுப் போன வலை கடலில மிதந்தது. காத்தாடியில சுத்திப்போட்டுது. சம்மாட்டியார்தான் சொன்னவர், இறங்கி வெட்டு எண்டு."

காத்தாடி என்றால் படகின் அடியில் சுழலும் விசிறி. எனக்குத் தெரியும். பதில் தயாராய் வந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்பா சொன்னார் என்கிறான். அப்பா இல்லை. செத்தவரைச் சாட்சிக்கு இழுப்பது சுகம்.

"நான் பாத்துக்கொண்டிருந்தன். அப்பா உங்களோட கதைக்கேல்லை."

"மேலயிருந்து மிசின் கிடங்குக்குள்ள குனிஞ்சு சொன்னவர். நீங்கள் பின்னுக்கு இருந்தனீங்கள். கேட்டிராது."

"பிறகு ஏன் எங்களைத் தேடேல்லை?"

"குண்டு விழேக்க நான் கீழ நிண்டன். இடுப்பில இரும்பு அடிச்சுது. கரையில கிடந்த என்னை எடுத்தவங்கள் நாலு மாதம் அடைச்சு வைச்சாங்கள். எல்லாரும் செத்து நீ மட்டும் எப்பிடித் தப்பினனீ எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கள். வலை எண்டன். நம்பேல்லை. உங்கட படகு வலையெல்லாம் கரையில கிடக்கு, எந்த வலை எண்டு கேட்டாங்கள்."

குகன் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

என் கால். என் காலில் இறுகிய நைலோன். அது எங்கள் படகிலிருந்து விழுந்த வலை என்றே நான் நினைத்திருந்தேன். ஒருநாளும் யோசிக்கவில்லை. எங்கள் படகில் வலை இல்லை. அப்பா கடைசி வலையைத் தோளில் தூக்கிக் கரையில் போட்டதை நான் கண்ணால் கண்டவள். சற்றுமுன் நானே என் வாயால் சொன்னவள். அப்படியென்றால் என் காலில் சுற்றியது எது?

"என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"பச்சை. கடும் பச்சை. உங்கட அப்பா நீலம்தான் வாங்குவார்."

பச்சைதான். பிய்க்கும்போது கண்டேன். நகத்துக்குள் ஒரு இழை நின்றது.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்பவில்லை. இன்றும் முழுக்க நம்பவில்லை. அந்தப் பீரங்கிப் படகுக்கு எங்களைக் காட்டிக் கொடுத்தது யார் என்ற கேள்வி எனக்குள் போகவில்லை. ஒருவேளை யாருமே காட்டிக் கொடுக்கவில்லை. நடுக்கடலில் மிசின் நின்ற படகு. விடிந்த நேரம். அவ்வளவுதானோ என்னவோ. ஆனால் வலையை நம்பினேன். அதை என் கால் அறியும்.

"இருங்கோ சந்திரன் அண்ணை" என்றேன்.

இருந்தார். குகன் தேநீர் எடுத்து வந்தார். யாரும் குடிக்கவில்லை. செத்தவர்களின் பெயரை ஒருமுறை ஒழுங்காய்ச் சொல்லும்படி குகன் கேட்டார். நான் சொன்னேன். ஐந்து பெயர். எத்தனையோ இடத்தில் சொன்ன ஐந்து.

சந்திரன் அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐஞ்சு இல்லைப் பிள்ளை. ஏழு."

திரும்பவும் பழைய பயம் வந்தது. என்ன சொல்ல வருகிறார்? யாரை எங்கள் படகில் ஏற்றப் போகிறார்?

"நீங்கள் வர முன்னமே நான் மிசினைச் சூடாக்கிக்கொண்டு நிண்டன். இருட்டு. ஒரு பொம்பிளை ஓடி வந்தா. கைப்பிள்ளை ஒண்டு. தன்ர ஆக்கள் தரையால போயிட்டினம், தான் பிந்திப்போனன், ஏத்துங்கோ எண்டு அழுதா. கரையில நிண்ட சம்மாட்டியாரைக் கேட்டன். ஏத்து எண்டவர். பிள்ளைக்குக் காத்துப் படும் எண்டு முன்னுக்கு மீன் போடுற அறைக்குள்ள இறக்கி விட்டன். மேல வரவே இல்லை அவ."

"பேர்?"

"கேக்கேல்லை. அந்த நேரம் ஆர் பேர் கேட்டது?"

"பிறகு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கீழ வலையை வெட்டிப்போட்டு மூச்செடுக்க மேல வந்தன். பலகைக்கு அங்கால அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. திரும்பக் கீழ போனன். அடுத்தது குண்டுதான்."

இரண்டாவது குண்டு முன்பக்கத்தில் விழுந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். அடைத்து வைத்தவர்களுக்குச் சொன்னாராம். இல்லாத பொம்பிளையைக் காட்டித் தப்பப் பார்க்கிறாய் என்றார்களாம். அதன் பிறகு அவர் அவளை யாருக்கும் சொல்லவில்லை.

நானும் அதையே நினைத்தேன். இல்லாத பெண்ணாக இருக்கலாம். எங்கள் இரக்கத்தைக் கேட்கும் ஒரு கதையாக இருக்கலாம். அவள் இருந்து, நான் சேர்க்காமல் விட்டால்? அவள் இல்லாமல், நான் சேர்த்துவிட்டால்? இரண்டாவது பிழையை என்னால் தாங்க முடியும்.

"நிப்பாட்டாதேங்கோ. பதியுங்கோ" என்று குகனுக்குச் சொன்னேன்.

இதுதான் கணக்கு.

வேலவன் என்ற றோலர், ஒன்று.

என் அப்பா முருகேசு. என் அண்ணா யோகன், இருபத்திரண்டு வயது. பரமேஸ் மாமி. அவருடைய மகள் இந்திரா, பத்தொன்பது வயது. கதிரவேலு அண்ணை. ஐந்து பேருடைய உடலும் கரை சேரவில்லை.

ஒரு பெண். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. இளம் வயது. கையில் மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்க் வைத்திருந்தாள் என்று சந்திரன் அண்ணை சொல்கிறார்.

ஒரு குழந்தை. ஆணா பெண்ணா தெரியாது.

ஏழு பேர்.

தரையால் போனவர்களில் யாராவது, பின்னால் வந்துகொண்டிருந்த ஒருத்தியை இன்னும் தேடிக்கொண்டிருந்தால், அவள் எங்கள் படகில் இருந்தாள்.