ஆறின காபி

இல்லக்கா, பால் மட்டும் இல்ல, காபிப் பொடியும் வேணும். நீங்க பில்டர்ல போடுவீங்களே, அந்தப் பொடி. எங்க வீட்ல இருக்கறது சுடுதண்ணில கலக்கற பாக்கெட்டு. போன தடவ அதத்தான் அப்பா முன்னாடி வச்சேன். மோந்து பாத்துட்டு, இது என்னம்மா, கப்பு கழுவின தண்ணியான்னு கேட்டாரு.

எழுப்பிட்டேனா? நைட் டியூட்டி பாத்துட்டு வந்த நர்ஸம்மாவ எழுப்பறமேன்னு படிலயே நின்னுட்டிருந்தேன். சாயங்காலம் ஆயிடுச்சே, முழிச்சிருப்பீங்கன்னு ஒரு தைரியத்துல தட்டிட்டேன்.

அய்யோ, பொடியப் பொட்டலமா மடிச்சுக் குடுத்துடாதீங்க. எப்படிப் போடறதுன்னு இங்கயே ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. நாளைக்கு அப்பா வர்றாரு. விடியக்காலைல பஸ் வந்துடும், நேரா எங்க வீட்டுக்குத்தான்.

   இந்த டப்பாவ நீங்களே வாங்கிக்கோங்க, கொட்டிடப் போறேன்.

இன்னொரு ஸ்பூன் போடுங்களேன். இன்னும் ஒண்ணு. கசக்கட்டும்க்கா. அப்பாவுக்குக் கசப்பாத்தான் வேணும், சர்க்கரை தொட மாட்டாரு. அதுக்காக ஏனோதானோன்னும் இருக்கக் கூடாது. நேத்து வடிச்சதா இன்னைக்கு வடிச்சதான்னு வாசல்லயே சொல்லிடுவாரு. காதுதான் போச்சு, மூக்கு அப்படியே இருக்கு.

மெஷின் வச்சிருக்காரு காதுல. ஆனா எதிர்த்தரப்பு பேச ஆரம்பிச்சா கழட்டி சட்டப் பைல போட்டுக்குவாரு. இவங்க சொல்லப் போறது எனக்கு மனப்பாடம், பாட்டரி எதுக்கு வீணாக்கணும்பாரு. சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சவதான்.

தொழிற்சங்கத்து ஆளுக்கா அவரு. எந்தக் கம்பெனி கேட்ல ஆளுங்க உக்காந்தாலும் முதல் வரிசைல அப்பா இருப்பாரு. முதலாளிங்க வச்ச பட்டப்பேரு ஒண்ணு உண்டு அவருக்கு. ஆறின காபி.

அது வந்து... பேச்சுவார்த்தைன்னு உள்ள கூப்பிடுவாங்கல்ல, உக்காந்த உடனே காபி வரும். பூப்போட்ட கப்பு, தட்டு, பக்கத்துல பிஸ்கட்டு. அதத் தொடக் கூடாது. குடிச்சா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். அது அப்பாவோட சட்டம். தட்டக் கவுத்து கப்ப மூடி வச்சிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாரு. பேசி முடிச்சு, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டப்புறம், சூடா வேற கொண்டாரச் சொல்றோம் சார்னுவாங்க. வேணாம்னுட்டு அந்த ஆறினதையே எடுத்து, ஆடையோட, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சு வைப்பாரு. அப்பதான் ஒப்பந்தம். ஒரு தடவ கூடப் போனவரு என்னமோ ஞாபகத்துல ஒரு வாய் உறிஞ்சிட்டாராம். மேனேஜர் சட்டுனு எழுந்து கை குடுத்துட்டாராம், ரொம்ப சந்தோஷம், முடிஞ்சதுன்னு. அன்னைலேருந்து அவருக்கு ஒருவாய்னே பேரு. அவரு பொண்ணு கல்யாணத்தக் கூட ஒருவாய் வீட்டுக் கல்யாணம்னுதான் சொன்னாங்க, பாவம்.

சொட்டுச் சொட்டாத்தான் இறங்குமா இது? தட்டினா சீக்கிரம் வராது? சரி சரி, தட்டல. நீங்க பால வைங்க.

இப்பப் பாருங்க, அந்த மனுஷனோட பொண்ணு நான் போய்ச் சேந்தது எங்க? பாட்டில் கம்பெனி ஆபீஸ்ல. அதுலயும் ஆளெடுக்கற செக்‌ஷன். எடுக்கறதும் நாங்கதான், வீட்டுக்கு அனுப்பறதும் நாங்கதான். அப்பா திட்டல. திட்டியிருந்தா நிம்மதியாப் போயிருக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்தாரு, காபி குடுத்தேன். தட்டக் கவுத்து மூடி வச்சிட்டு, பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கும்மான்னாரு. அன்னைலேருந்து எப்ப வந்தாலும் அதேதான். நல்லாப் பேசுவாரு, சாப்பிடுவாரு, துணியெல்லாம் மடிச்சு வச்சிட்டுப் போவாரு. காபி மட்டும் அப்படியே இருக்கும். அவரு போனப்புறம் அத நான் தொட்டியில ஊத்தறப்ப வரும் பாருங்க ஒரு எரிச்சல். அப்பாவா இவரு, கமிட்டியான்னு.

நாளைக்கா? நாளைக்கு என்னப் பாக்க வரலக்கா. எங்க கம்பெனி கேட்டுக்கு வர்றாரு. பாக்கிங்ல இருந்த பொம்பளைங்களப் போன மாசம் நிறுத்திட்டாங்கல்ல, அவங்களுக்காக. நாளைக்குக் காலைல கம்பெனி மெஷினெல்லாம் லாரில ஏத்தி வேற ஊருக்குக் கொண்டு போகுது. மெஷின் போயிட்டா வேலை எங்கேருந்து திரும்ப வரும்? அதனால கேட்டக் குறுக்க மறிச்சு உக்காரப் போறாங்க. முதல் வரிசைல யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நான் அந்த மீட்டிங்ல இருந்தேன்க்கா. லாரிக்காரரக் கூப்பிட்டு வச்சுப் பேசினாங்க. குறுக்க யாராவது உக்காந்தா என்ன பண்ணுவீங்கன்னு எங்க மேனேஜர் கேட்டாரு. ஹார்ன் அடிப்போம் சார்னாரு. அப்பவும் எழுந்திருக்கலன்னா? அந்தாளு டீய எடுத்துக் குடிச்சாரு. மேனேஜர் சொன்னாரு, நிறுத்தினா வாடகை கிடையாது, அவ்வளவுதான்னு. நிறுத்தாதன்னு ஒருத்தர் வாயாலயும் வரல, பாருங்க. எல்லாரும் அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க.  போலீஸா? இன்ஸ்பெக்டரு எனக்குப் பக்கத்து நாற்காலிலதான் உக்காந்திருந்தாரு.

அப்பாவுக்கு முட்டி போயிடுச்சுக்கா. முன்னெல்லாம் விருட்டுனு எழுந்துடுவாரு. இப்ப தரைல உக்காந்தா ரெண்டு பேரு கைத்தாங்கலாத் தூக்கணும், தூக்கினப்புறமும் கொஞ்ச நேரம் சுவத்தப் புடிச்சிட்டு நிப்பாரு. காதுல மெஷினும் இருக்காது. ஹார்ன் யாருக்கு அடிப்பான் அவன்? மத்தவங்க கடைசி நிமிஷத்துல தாவிடுவாங்க. இவரு?

சொல்லாம இருப்பேனா? போன்ல எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, இது தகவலா மிரட்டலாம்மான்னாரு. மிரட்டல்னா கம்பெனி முத்திரையோட அனுப்பச் சொல்லு, சங்க போர்டுல ஒட்டணும்னாரு. சங்கச் செயலாளர் கிட்டயும் சொன்னேன். தெரியும்மா, அதனாலதான் நெறைய பேரக் கூப்பிட்டிருக்கோம்னுட்டாரு. இவங்க யாருக்குமே பயமில்லக்கா. எல்லாத்தையும் சேத்து எனக்கே குடுத்துட்டாங்க போல. ரெண்டு நாளா தெருவுல லாரி போனாலே கை வேலையப் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடறேன். குப்ப லாரி பின்னாடி வர்றப்ப கீ கீன்னு கத்துமே, அதுக்கே சமையக்கட்டுல உக்காந்துட்டேன் இன்னைக்கு.

அவர வீட்ல வச்சுப் பூட்டறதா? அதயும் யோசிச்சேன். எங்கம்மா இருந்தப்ப ஒரு தடவ பூட்டினாங்க. ஜன்னல் வழியா ஆரம்பிச்சாரு பாருங்க பேச்சு, தெருவே கூடி கை தட்டிச்சு. கடைசில அம்மாவே போய்த் திறந்து விட்டாங்க. பூட்டின கதவப் பாத்தா அவருக்கு ட்யூட்டி ஆரம்பிச்ச மாதிரி.

மத்தவங்களா... கேட்டுட்டீங்க. கேக்கக் கூடாதுன்னு நெனச்சிட்டே இருந்தேன். அந்தப் பொம்பளைங்களுக்கும் வீட்ல ஆளு இருக்காங்க, தெரியும்க்கா. அவங்கள வேலைக்கு எடுத்ததே நான்தான், ஒவ்வொருத்தர் மொகமும் தெரியும். முன்னாடி இருக்கறவன் எழுந்தா வரிசையே எழுந்துடும்னு அப்பா சொல்லுவாரு. முன்னாடி இருக்க வேண்டியவரு வரவே இல்லன்னா என்ன ஆகும்னும் தெரியும். பாதிப் பேரு வீட்டுக்குப் போயிடுவாங்க. லாரி போயிடும். அவங்க என்னத் திட்டட்டும். அப்பாவும் அப்புறம் ஆயுசுக்கும் என் மொகத்துல முழிக்க மாட்டாரு. முழிக்க வேணாம்க்கா. எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்து என்னத் திட்டிட்டு இருக்கட்டும். இருக்கட்டும், அது போதும்.

ஆங், வடிஞ்சிடுச்சா? நல்ல வாசனை. இது பிடிக்கும் அவருக்கு. இந்தத் தடவ குடிப்பாரு.

குடிப்பாருக்கா. நிச்சயமாக் குடிப்பாரு. நான் இன்னைக்கு மத்தியானம் வேலைய விட்டுட்டேன். நெசமாத்தான். அப்பாகிட்டப் பொய் சொன்னா நிக்காது, கண்ணப் பாத்தே புடிச்சிடுவாரு. அதனால நெசமாவே விட்டுட்டேன். மேனேஜர், ஏம்மா, யோசிச்சியான்னு கேட்டாரு. பையத் தூக்கிட்டு வந்துட்டேன். 

நாளைக்கு அவரு வந்து செருப்பக் கழட்டறப்பவே சொல்லிடுவேன். அப்பா, நான் அந்தப் பக்கம் இல்ல இப்பன்னு. என்ன பண்ணுவாருன்னு அப்படியே தெரியுது எனக்கு.  மூக்கத் துடைச்சுக்குவாரு. பைலேருந்து மெஷின எடுத்துக் காதுல மாட்டிக்குவாரு, இன்னொரு தடவ சொல்லும்மாம்பாரு. அப்புறம் காபி கேப்பாரு. அவரே கேப்பாருக்கா. நான் அந்தக் கம்பெனில சேந்ததுலேருந்து அவரு வாயால கேட்டதில்ல. தட்டக் கவுக்க மாட்டாரு. ஆற விட மாட்டாரு. மடமடன்னு, கடைசிச் சொட்டு வரைக்கும்.

அதான்க்கா பொடி கூடப் போடச் சொன்னேன். நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து பகல்ல தூக்கம் வரலன்னு ப்ரிட்ஜ் மேல மாத்திரை வச்சிருப்பீங்களே, அது காபில கலந்தா கசப்பு தனியாத் தெரியுமா? சாயங்காலம் வரைக்கும் தூங்கினாப் போதும், அதுக்கு மேல வேணாம். வயசானவருக்கு எவ்வளவு குடுக்கலாம்னு நீங்கதான்...

அக்கா?

ஏன்க்கா அடுப்ப அணைச்சிட்டீங்க? பால் இன்னும் பொங்கலயே.