இடப்பக்கக் கொக்கி

பம்பர் வண்டியை இழுப்பதற்கு உள்ளதல்ல என்பதை நான் ஆரியசாலைத் தெருவில், ஐம்பது அறுபது பேர் முன்னிலையில், வேஷ்டி இல்லாமல் நின்று கற்றுக்கொண்டேன். தவறு முழுக்க என்னுடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

போன வருஷம், ஐம்பத்தொன்று, வைகாசி, எடவ மாத மழை. என் தங்கை பொன்னம்மையின் புருஷர் பகவதிப்பெருமாள், பாலோட்டுக்கு மேலே மலையில் மரம் வெட்டக் குத்தகை எடுத்தவர், யுத்தத்தில் மிஞ்சிய பட்டாளப் பிக்கப் ஒன்றை வாங்கி வந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், எந்த மலையும் ஏறும் என்றார். என் ஒர்க்ஷாப் வாசலில் பின்சக்கரம் ஓடையில் இறங்கியது, ஏறவில்லை. நான் பின்பம்பரில் வடத்தைக் கட்டி, ஒரு லாரியை விட்டு இழுக்கச் சொன்னேன். பம்பர் பிய்த்துக்கொண்டு பறந்தது. போகிற வழியில் என் வேஷ்டியையும் கூட்டிக்கொண்டு போய், எதிர்க்கடையில் ஏழு பீங்கான் எண்ணெய்ப் பரணிகளை உடைத்தது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் எட்டாவது பரணி நான்தான். நல்லெண்ணெய் ஓடுகிற தெருவில் கோவணத்தோடு நின்றேன்.

இந்தக் கதையை முதலில் ஊருக்குச் சொன்னவன் நானே. சாலைக் கடைத்தெருவில் தாணுலிங்கம் என்று கேட்டால், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மேஸ்திரிதானே என்பார்கள். என்னைப் பற்றியே பேசிச் சிரிக்கவைப்பேன். அடுத்தவன் மனசு நோகாது. எனக்கு இளகிய மனசு.

இப்போது நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். யாரும் என்னைத் தேடவில்லை. ஆனால் நாற்பது நாளாக நான் பொன்னம்மையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உள்ளதை எல்லாம் உங்களிடம் சொன்னால், அதைக் கேட்டாவது பதில் சொல்வாள். அவளைக் கூட்டிவந்து அந்தப் பெஞ்சில் உட்கார வைத்ததற்கு நன்றி.

மாப்பிள்ளை அவளை அடிப்பார். எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒரு பெண்ணுக்கு ஆண்துணை என்றால் அது உடன்பிறந்தவன்தான். எனக்குத் தெரியாமல் இருக்குமா? கல்யாணமான முதல் ஓணத்துக்கே உதடு கிழிந்து வந்தாள். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ஏதோ வேடிக்கை சொல்லி நிலைமையைச் சமாளித்தேன். பிறகு ஒரு வருஷம் மணிக்கட்டு முறிந்தது. கிணற்றடியில் வழுக்கியது என்றாள். என் வீட்டுக் கிணற்றையும் கொஞ்சம் கண்டித்து வைக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு முறை முதுகில் பெல்ட்டின் வார்ப்பூட்டு பதிந்திருந்ததை என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஆனாலும் மாப்பிள்ளையிடம் நான் ஒருநாளும் முகம் முறித்துப் பேசியதில்லை.

இந்த வருஷம் ஆவணியில் என் மூத்த மகளுக்கு வலியசாலை வீட்டில் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால் பகவதிப்பெருமாள் மாப்பிள்ளை எழுந்து பம்பர் கதையைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். மலையாளம் பாதி, தமிழ் பாதி. நான் கையால் மறைத்துக்கொண்டு ஓடியதை நடித்தே காட்டினார். நான் ஓடவில்லை, சார், நின்றேன். ஆனால் ஓடினால்தான் கதைக்கு அழகு. கூடம் முழுக்கச் சிரித்தது. அடுக்களை வாசலில் பொன்னம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்னுடைய எந்த வேடிக்கைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

மறுவாரம் வண்டி ஒர்க்ஷாப்புக்கு வந்தது. பின்னால் இரண்டு கொக்கி வேண்டும் என்றார். சேற்றில் மாட்டினால் வண்டியைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். மாட்டிக்கொண்ட லாரியை இந்த வண்டியாலும் இழுக்க வேண்டும். கொக்கி வைப்பது பெரிய வித்தை இல்லை. சேஸிஸின் நீளச் சட்டத்தில் துளை போட்டு, உட்பக்கம் கனமான இரும்புத் தகடு கொடுத்து, நாலு போல்ட்டை முடுக்க வேண்டும். வலப்பக்கக் கொக்கியை அப்படித்தான் வைத்தேன். அதில் ஒரு யானையைக் கட்டலாம்.

இடப்பக்கக் கொக்கியைச் சட்டத்தில் வைக்கவில்லை. மெல்லிய பின்தகட்டில் வைத்தேன். நாலு போல்ட்டில் இரண்டுக்குத் தலை மட்டும் உண்டு, உடம்பு கிடையாது, ஈயத்தால் ஒட்டியது. மேலே கறுப்புப் பெயிண்ட். வெறும் வண்டியை இழுக்கத் தாங்கும். சுமையோடு சேற்றில் புதைந்த லாரியைத் தாங்காது. இரண்டில் எதில் கட்டுவார் என்பதைப் பத்மநாப சாமிக்கே விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை வந்து கொக்கியைக் காலால் ஓர் உதை உதைத்தார். “அத்தான், இது உங்க வேஷ்டி மாதிரி அவுந்து போயிராதே?” என்றார். என் வேலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒன்று மட்டும் சொன்னேன்: “வலது பக்கம் பெயிண்ட் காயல்ல, மாப்பிள்ளை. ரெண்டு நாளைக்கு இடதுலயே கட்டுங்க.”

மறுநாள் காலையில் நானும் மலைக்குப் போனேன். வைத்த வேலை எப்படி நிற்கிறது என்று பார்ப்பது தொழில்காரனின் பழக்கம். லாரி ஒன்று மரத்தோடு அச்சுவரை புதைந்து கிடந்தது. டிரைவர் பிச்சையா பிக்கப்பில் ஏறினான். மாப்பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. இழுக்கும்போது வடத்தின் பக்கத்திலேயே நின்று, அதன் மேல் கை வைத்துக்கொண்டு அதட்டுவார். நான் ஒரு தேக்குமரத்துக்குப் பின்னால் நின்றேன். வேஷ்டியை இறுகக் கட்டியிருந்தேன்.

தென்னங்கயிறு முதலில் நீளும், சார். நீண்டு நீண்டு, முறுக்கிலிருந்து தண்ணீர் பிழிந்து வரும். அப்போதே எல்லாரையும் விலகச் சொல்லியிருக்கலாம், நேரம் இருந்தது. கொக்கி பிய்ந்து வந்த சத்தம் பரணி உடைந்த சத்தம் போலத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் கீழ்த்தாடையை முழுசாகக் கொண்டுபோய் லாரியின் ரேடியேட்டரில் பதித்துவிட்டது. மாப்பிள்ளை உடனே போகவில்லை. கால் மணி நேரம் இருந்தார். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண் என்னையே பார்த்தது. ஏதோ சொல்ல வந்தார்; சொல்வதற்கு வாய் என்று ஒன்று இல்லை. வலிக்கிறதா மாப்பிள்ளை என்று கேட்டேன். பிச்சையா அழுதான். நானும் அழுதேன். என் மனசு அப்படி.

இவ்வளவுதான். பகவதிப்பெருமாளைக் கொன்றவன் நான். என் தங்கையின் உடம்பில் இனி ஒரு கை படக்கூடாது என்று செய்தேன். இவ்வளவையும் சாரிடம் சொல்லி முடித்து, கையெழுத்துப் போடுமுன், நாற்பது நாளாகக் கேட்டதை அவளிடம் இன்னொரு முறை கேட்டேன்: “பொன்னம்மை, உனக்காவத்தான் செஞ்சேன்னு உனக்குத் தெரியும்லா?”

பெஞ்சிலிருந்து அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“எனக்காவ இல்ல, அண்ணே. ஏழு வருஷமா அவிய என்னை அடிச்சாவ. நீ பாத்துகிட்டு வேடிக்கை பேசினே. ஒரே ஒரு நாள் உன்னை வச்சுச் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அதுக்குத்தான் கொன்னே.”